ஒளியா, விடியலா? ‘லூசியா’ பற்றிய கேள்வி–பதில்

பெயர்களின் பொருள் கேட்டு வரும் கடிதங்களில் இம்முறை பல ஒரே பெயரைச் சுற்றியே இருந்தன. டிசம்பர் 13 புனித லூசியாவின் திருநாள் என்பது காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் ‘லூசியா’வுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் பாட்டி பெயர் லூசியம்மாள். பிறக்கப்போகும் குழந்தை பெண்ணானால் ‘லூசியா’ என்று வைக்க நினைக்கிறோம். ஓர் இணையதளம் ‘அழகிய ஒளி’ என்கிறது. இன்னொன்று ‘ஒளியின் பாதை’ என்கிறது. மூன்றாவது ‘விடியலில் பிறந்தவள்’ என்கிறது. எதை நம்புவது?
— வாசகி, தூத்துக்குடி

மூன்றாவதை நம்புங்கள். பெயர் பிறந்த இடத்துக்கு மிக அருகில் நிற்பது அதுதான்.

லத்தீனில் ஒளிக்கு ‘லூக்ஸ்’ என்று பெயர். வேற்றுமை ஏற்கும்போது அதன் அடி ‘லூக்’ என்று நிற்கும். ‘ஒளியின்’ என்று சொல்ல ‘லூகிஸ்’. நம் ‘மரம்’ என்ற சொல் ‘மரத்து’ என்று மாறி நிற்பதைப் போலத்தான். அந்த அடியோடு ஆண்பால் விகுதி சேர்ந்தால் ‘லூகியுஸ்’, பெண்பால் விகுதி சேர்ந்தால் ‘லூகியா’. அந்த ‘க’ பின்னாளில் ‘ச’ என ஒலித்ததால் ‘லூசியா’. இலக்கணப்படி ‘ஒளியைச் சார்ந்தவள்’ என்று சொல்லலாம். அதற்கு மேல் ‘அழகிய’ என்று ஒட்டுவதற்கு இந்தப் பெயரில் ஓரெழுத்தும் கிடையாது.

எந்த ஒளி என்பதுதான் அடுத்த கேள்வி. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் வார்ரோ, தம் லத்தீன் மொழி நூலில் இதைத் தொட்டுச் செல்கிறார். காலையில் பிறந்தவனுக்கு ‘மானியுஸ்’, வெளிச்சம் வரும் வேளையில் பிறந்தவனுக்கு ‘லூகியுஸ்’ என்று பெயரிட்டார்கள் என்பது அவர் தரும் விளக்கம். அதாவது இது பிறந்த நேரத்தைக் குறித்த பெயர். நம் ஊரில் பௌர்ணமியில் பிறந்தவளைப் ‘பூர்ணிமா’ என்று அழைப்பதோடு சேர்த்துப் பாருங்கள், எளிதில் பிடிபடும். ஆனால் வார்ரோவின் காலத்திலேயே அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. தாத்தா லூகியுஸ் என்றால், நள்ளிரவில் பிறந்த பேரனும் லூகியுஸ்தான். நீங்கள் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பதும் அதே முறைதான்.

‘ஒளியின் பாதை’ வந்த வழி வேறு. 13ஆம் நூற்றாண்டில், பின்னாளில் ஜெனோவாவின் பேராயரான யாக்கோபு தெ வொராஜினே புனிதர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்தார். பல வாழ்க்கைகளைத் தொடங்கும்போது அந்தப் புனிதரின் பெயரைப் பிரித்துப் பொருள் சொல்வது அவர் வழக்கம். லூசியாவை ‘லூச்சிஸ் வியா’, அதாவது ஒளியின் வழி, என்று பிரித்தார். செசிலியாவை ‘சேலி லிலியா’, வானத்து அல்லி, என்றார். செசிலியா உண்மையில் ‘கைகிலியுஸ்’ என்ற ரோமானியக் குலத்தின் பெயர்; அதன் அடியில் இருப்பது பார்வையற்றவர் என்று பொருள்படும் ‘கைகுஸ்’. இந்தப் பிரிப்புகளைத் தியானத்துக்கான விளக்கங்களாகப் படித்தால் அழகானவை. சொற்பிறப்பாக எடுத்துக்கொண்டால்தான் தவறு.

எந்த லத்தீன் பெயருக்கும் பொருள் பார்க்கும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் அதன் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள் (லூசி அல்ல, லூகியா). அடுத்து விகுதியைக் கழற்றி அடியைப் பாருங்கள். பிறகு அது தனிப்பெயரா, குலப்பெயரா, பட்டப்பெயரா என்று கேளுங்கள். ரோமானியப் பெண் பெயர்களில் மிகப் பல குலப்பெயர்கள். ஜூலியா, எமிலியா, செசிலியா, கொர்னேலியா எல்லாம் அப்படித்தான். ‘ஜூலியா என்றால் இளமை’ என்று அச்சடித்த புத்தகங்கள் இந்த மூன்றாவது படியைத் தாண்டிக் குதித்தவை.

ரோமானியப் பெண்களுக்குச் சொந்தப் பெயரே கிடையாது என்று படித்தேன். அப்படியானால் லூசியா எங்கிருந்து வந்தாள்?
— கல்லூரி மாணவி, திருச்சி

நீங்கள் படித்தது பெரும்பாலும் சரி. ஒரு ரோமானியக் குடிமகனின் பெயரில் மூன்று பகுதிகள்: முன்பெயர், குலப்பெயர், கிளைப்பெயர். கையஸ் ஜூலியஸ் சீசர் என்பதில் கையஸ்தான் அவருடைய தனிப்பெயர். வழக்கில் இருந்த முன்பெயர்கள் இருபதுக்கும் குறைவு; அதனால் கல்வெட்டில் பெரும்பாலும் ஓரிரு எழுத்தால் சுருக்கிவிடுவார்கள். ‘எல்’ என்று மட்டும் பொறித்திருந்தால் அது லூகியுஸ்.

பெண்ணுக்குக் குலப்பெயரின் பெண்பால் வடிவமே பெயர். சீசரின் மகள் ஜூலியா, துல்லியுஸ் குலத்துச் சிசரோவின் மகள் துல்லியா. இரண்டு பெண்கள் என்றால் ‘பெரியவள்’, ‘சிறியவள்’. மூன்றாவது பிறந்தால் ‘தெர்த்தியா’, அதாவது மூன்றாமவள். மார்க்குஸ் அந்தோனியுஸுக்கு ஒக்தாவியா பெற்ற மகள்கள் இருவரும் அந்தோனியாதான். நம் வீடுகளில் பெரியக்கா, சின்னக்கா என்பதைப் போல அடைமொழியால் பிரித்துக்கொண்டார்கள்.

ஆனாலும் பெண்ணுக்கு முன்பெயர் வைக்கும் பழக்கம் முற்றாக இல்லாமல் போகவில்லை. லூகியா பெண்ணின் முன்பெயராக வரும் கல்வெட்டுகள் உண்டு. பின்னர் கி.பி. 212இல் பேரரசர் கராகல்லா பேரரசின் சுதந்திரக் குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை வழங்கியபோது லத்தீன் பெயர்கள் எல்லா மூலைக்கும் பரவின. மூன்று பகுதிப் பெயரும் மெல்ல உதிர்ந்து ஒற்றைப் பெயர் வழக்கமானது. சிசிலித் தீவின் சிரக்கூஸ் கிரேக்கம் பேசிய நகரம். அங்கே, யூத்திக்கியா என்ற கிரேக்கப் பெயர் கொண்ட தாய்க்கு மகளாக, லத்தீன் பெயரோடு ஒரு பெண் வாழ்ந்தது இந்தக் கலப்புக்கு நல்ல சான்று. அவள்தான் புனித லூசியா.

லூசியா, லூசி, லூர்து, லூக்கா, ‘லஸ் கார்னர்’ லஸ்: இவையெல்லாம் ஒரே வேரா?
— வாசகர், மயிலாப்பூர்

இரண்டு உறுதியாக ஒரே வேர், ஒன்று விவாதத்தில் உள்ளது, ஒன்று வேரே வேறு.

லூசி என்பது லூசியாவின் ஆங்கில, பிரெஞ்சு வடிவம். புதுச்சேரிக் குடும்பங்களில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இதைக் காணலாம்.

உங்கள் ஊர் லஸ்ஸும் உறவுதான். போர்த்துகீசியத்தில் ஒளிக்கு ‘லூஸ்’. லத்தீன் ‘லூக்ஸ்’ஸின் நேர் வாரிசு. அங்குள்ள மாதா கோயில் ‘ஒளியின் அன்னை’க்கு அர்ப்பணிக்கப்பட்டது, தமிழில் பிரகாச மாதா ஆலயம். அதன் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைச் சொல்கிறது. கரை தெரியாமல் தவித்த மாலுமிகளை ஓர் ஒளி வழிகாட்டிக் கொண்டுவந்து சேர்த்தது என்பது கோயிலின் மரபுக் கதை. சுற்றியிருந்த காட்டால் ‘காட்டுக்கோயில்’ என்ற பெயரும் அதற்கு உண்டு. பேருந்தில் ‘லஸ் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்பவர் ஒவ்வொருவரும் லூசியாவின் வேர்ச்சொல்லைத்தான் உச்சரிக்கிறார். ஸ்பானியர்கள் ‘லூஸ்’ஸையே பெண் பெயராகவும் வைக்கிறார்கள்; அது ஒளியின் அன்னையைக் கருதி வைப்பது.

லூக்கா கிரேக்க வடிவம். தென் இத்தாலியின் லூக்கானியா என்ற பகுதியின் பெயரோடு தொடர்புடையது என்பது ஒரு கருத்து, லூகியுஸின் செல்லச் சுருக்கம் என்பது இன்னொரு கருத்து.

லூர்து ஒட்டாது. அது தென் பிரான்ஸில் 1858இல் மாதா காட்சிகளால் புகழ்பெற்ற ஊரின் பெயர். லூர்து மேரி என்ற பெயருக்கு ‘ஒளி மேரி’ என்று பொருள் எழுதாதீர்கள்.

வடமொழியிலோ நம் பெயர்களிலோ லூசியாவுக்குச் சொந்தக்காரர்கள் உண்டா?
— ஆசிரியை, கும்பகோணம்

உண்டு. கேட்டால் வியப்பீர்கள்: ருக்மிணி.

லத்தீனும் சமஸ்கிருதமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிகள். ஒளிர்தலைக் குறித்த பழைய வேர் லத்தீனில் ‘லூக்’ ஆகவும், சமஸ்கிருதத்தில் ‘ருச்’ ஆகவும் நிற்கிறது. ல–ர மாற்றம் அங்கே மிக இயல்பு. ‘ரோசதே’ என்றால் ஒளிர்கிறது. ‘ருசி’ என்பதற்குச் சுவைக்கு முன்னால் ஒளி, பொலிவு என்ற பொருள் உண்டு. ‘ருக்மம்’ ஒளிரும் அணி, பொன். அந்தப் பொன்னை உடையவள் ருக்மிணி. ஒரு தெருவில் லூசியாவும் ருக்மிணியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால், பெயரளவில் அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரிகள்.

கிரேக்கத்தில் இதே வேர் ‘லெவுகோஸ்’, வெள்ளை. ரத்த வெள்ளணுக்கள் பெருகும் நோய்க்கு ‘லுக்கேமியா’ என்று பெயர் வந்தது அதிலிருந்து. லத்தீனில் நிலவைக் குறிக்கும் ‘லூனா’வும் இந்த வேரே.

தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆகவே நம்மிடம் இருப்பது பொருள் ஒற்றுமை மட்டும். சுடர், சுடர்க்கொடி, ஒளி, பழைய கிறித்தவக் குடும்பங்களில் வரும் பிரகாசி ஆகியவை பொருளால் பொருந்தும். வார்ரோ சொன்ன ‘விடியலில் பிறந்தவள்’ என்ற பொருளைப் பிடிக்க வேண்டுமென்றால் உதயா அல்லது உஷா இன்னும் நெருங்கும். உஷாவின் லத்தீன் உடன்பிறப்பு ‘அரோரா’. இரண்டும் விடியலைக் குறித்த ஒரே பழஞ்சொல்லிலிருந்து வந்தவை.

‘லூசிஃபர்’ என்பதிலும் லூசி இருக்கிறதே! கெட்ட பெயரோடு உறவு என்று மாமியார் தடுக்கிறார்.
— வாசகி, நாகர்கோவில்

அவர் கவலைக்கு மரியாதையோடு பதில் சொல்ல முடியும். லூசிஃபர் என்றால் லத்தீனில் ‘ஒளி ஏந்தி’. லூக்ஸ் என்பதோடு ‘சுமத்தல்’ என்ற வினை சேர்ந்தது. ரோமானியருக்கு அது விடிவெள்ளியின் பெயர், அவ்வளவே. ஏசாயா 14:12இல் பாபிலோன் மன்னனை விழுந்த விண்மீனாகப் பாடும் வசனத்தை லத்தீனில் பெயர்த்தபோது அந்தச் சொல் வந்தது. பின்னர் அந்த வசனத்தைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்ததால் சொல்லின் மேல் கறை படிந்தது. நம் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பைத் திறந்து காட்டுங்கள்: ‘அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே’ என்றுதான் இருக்கும். 2 பேதுரு 1:19இல் ‘விடிவெள்ளி உங்கள் இருதயங்களில் உதிக்கும்’ என்று வருமிடத்திலும் லத்தீன் விவிலியத்தில் அதே ‘லூசிஃபர்’தான்; அங்கே அது நம்பிக்கையின் சொல். பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் பெரிய மெழுகுதிரியின் முன் பாடும் லத்தீன் புகழுரையும் அச்சொல்லை நல்ல பொருளில்தான் ஆள்கிறது. 4ஆம் நூற்றாண்டில் சர்தீனியாவின் கால்யாரியில் இந்தப் பெயரோடு ஓர் ஆயரே இருந்தார்.

மாமியாருக்கு இன்னும் ஒன்று சொல்லலாம். ரோமானியர் பிரசவ வேளையில் வேண்டிக்கொண்ட தெய்வம் ‘ஜூனோ லூகினா’, குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவள். இத்தாலியரும் ஸ்பானியரும் இன்றும் பிள்ளை பெறுவதை ‘ஒளிக்குத் தருதல்’ என்றே சொல்கிறார்கள். பெண் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் அரிது.

புனித லூசியா படத்தில் தட்டில் இரண்டு கண்கள் இருக்கின்றனவே. கண்ணைப் பிடுங்கியதால்தான் அந்தப் பெயர் வந்ததா?
— வாசகர், கொட்டாஞ்சேனை, கொழும்பு

தலைகீழாகப் பாருங்கள்: பெயர் முந்தியது, கண் கதை பிந்தியது.

லூசியா ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்தில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, மரபின்படி கி.பி. 304இல், சிரக்கூஸில் உயிர் நீத்தார். அவருடைய பழைய சாட்சிய வரலாறு சொல்வது இது. தாய் யூத்திக்கியாவுக்கு நீண்டகால இரத்தப்போக்கு. இருவரும் கத்தானியாவில் புனித ஆகத்தாவின் கல்லறைக்குப் போனார்கள், தாய் குணமடைந்தார். மகள் மணத்தை மறுத்துச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். மணமகனாக இருந்தவன் ஆளுநர் பஸ்காசியுஸிடம் காட்டிக்கொடுத்தான். விலைமாதர் இல்லத்துக்கு இழுத்துச்செல்ல முயன்றபோது, மாடுகளைப் பூட்டி இழுத்தும் அவரை அசைக்க முடியவில்லை. தீ தீண்டவில்லை. இறுதியில் வாள். இந்த வரலாற்றில் கண்ணைப் பிடுங்கிய காட்சியே இல்லை.

‘லூக்ஸ்’ என்றால் ஒளி, ஒளியைக் காண்பது கண். பெயரின் பொருளால் கண்நோயாளிகள் அவரிடம் வேண்டினார்கள். ஓவியர்கள் அடையாளத்துக்குக் கண்களைத் தட்டில் வைத்தார்கள். தட்டில் கண்கள் ஏன் என்று பின்வந்த தலைமுறை கேட்டபோது அதற்கு ஒரு கதை பிறந்தது. பெயர் ஒரு கதையை உண்டாக்கும் வல்லமை கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது கடினம்.

வரலாற்றுக்கு உறுதியான பிடி வேண்டுமென்றால் ஒரு கல் இருக்கிறது. 1894இல் சிரக்கூஸின் சான் ஜொவான்னி நிலத்தடிக் கல்லறையில் அகழ்வாய்வாளர் பாவ்லோ ஒர்சி ஒரு கிரேக்கக் கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய 25 ஆண்டுகள் மாசின்றி வாழ்ந்த எவுஸ்கியா என்ற பெண், ‘என் தலைவி லூசியாவின் திருநாளில்’ இறந்தாள் என்று அவள் கணவன் பொறித்து வைத்திருக்கிறான். அந்தக் கல்லைப் பொறித்த காலத்திலேயே லூசியாவின் திருநாள் கொண்டாடப்பட்டது என்பதற்கு ஒரு கணவனின் துயரம் சாட்சியாகிவிட்டது.

உங்கள் ஊர் கொட்டாஞ்சேனையிலேயே கொழும்பு உயர்மறைமாவட்டத்தின் பேராலயம் புனித லூசியா பெயரில் நிற்கிறது. வெனிஸ் நகர ரயில் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அந்த இடத்திலிருந்த லூசியா கோயில் 1861இல் இடிக்கப்பட்டது. அவர் திருவுடல் இப்போது அருகிலுள்ள சான் ஜெரேமியா கோயிலில் இருக்கிறது.

‘லூசியா’, ‘லூஸியா’, ‘லூஷியா’, ‘லூச்சியா’: தமிழில் எப்படி எழுதுவது? பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கிறோம். பள்ளியில் ‘லூசு’ என்று கேலி செய்வார்களோ என்ற பயமும் இருக்கிறது.
— இளம் பெற்றோர், மதுரை

‘லூசியா’ என்று எழுதுங்கள். உயிருக்கு நடுவில் தனியாக வரும் ‘ச’ தமிழில் தானாகவே மென்மையாக ஒலிக்கும். கிரந்த எழுத்து தேவையில்லை. ‘ச்ச’ என்று இரட்டித்தால் இத்தாலிய ஒலிப்பு வந்துவிடும். ‘லூஷியா’ ஆங்கில ஒலிப்பு. முதலெழுத்து கட்டாயம் நெடில். லத்தீனிலும் அது நெடில்தான், குரலின் அழுத்தமும் அதன்மேல்தான் விழும். இத்தாலியரும் ஸ்பானியரும் அழுத்தத்தை நடுவுக்குத் தள்ளி ‘லுச்சீயா’, ‘லுசீயா’ என்பார்கள். போர்த்துகீசியர் ‘லூசியா’ என்று முதலெழுத்தை அழுத்துவார்கள். நம் வழக்கு அதோடு ஒத்துப்போகிறது. போர்த்துகலின் பாத்திமாவில் மாதா காட்சி கண்ட மூன்று சிறார்களில் மூத்தவரான அருட்சகோதரி லூசியாவை (1907–2005) அவர் நாட்டார் அப்படித்தான் அழைத்தார்கள்.

நாம் ‘ச’ என்று ஒலிக்கும் எழுத்து செவ்வியல் லத்தீனில் ‘க’ ஒலி. அதன் தடம் தமிழிலேயே இருக்கிறது: அப்போஸ்தலர் 13:1இல் வரும் ‘சிரேனே ஊரானாகிய லூகி’ நம் லூகியுஸ்தான், கிரேக்கத்திலிருந்து நேரே வந்ததால் ‘க’ காப்பாற்றப்பட்டது.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் எல், யு, சி, ஐ, ஏ ஆகிய ஐந்து எழுத்து போதும். எண் சோதிடத்துக்காக ‘ஐ’யை ‘ஒய்’ ஆக்குவது, கடைசியில் ‘எச்’ சேர்ப்பது எல்லாம் பிறகு தலைவலி. வழக்கமாக நடக்கும் குளறுபடி இதுதான்: திருமுழுக்குப் பதிவேட்டில் ‘லூசியா மேரி’, பிறப்புச் சான்றிதழில் ‘லூசியா’, பள்ளியில் ‘லூசி’. மூன்றும் மூன்று ஆள் போல ஆகி, கடவுச்சீட்டு எடுக்கும்போது நிறுத்திவைப்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரின்றியே பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ‘மேரி’ வேண்டுமென்றால் முதல் ஆவணத்திலேயே சேர்த்துவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ‘லூ’ குறிலாகி ‘லு’ என்று அச்சாவதுதான் அதிகம். பள்ளிப் பெயரில் திருத்தம் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகுமுன் முடித்துவிட வேண்டும்.

கேலி பற்றிய பயம் நியாயமானது. ‘லூசி’தான் அந்தச் சொல்லுக்கு ஓரடி தூரத்தில் நிற்கிறது, ‘லூசியா’ சற்றுத் தள்ளி நிற்கிறது. ஆகவே வீட்டிலும் ‘லூசி’ என்று சுருக்காதீர்கள். வீட்டில் எப்படி அழைக்கிறீர்களோ அதையே பள்ளி வாசலில் பிற பிள்ளைகள் கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள். செல்லப் பெயர் வேண்டுமென்றால் பின்பாதியைப் பிடித்து ‘சியா’ என்று அழையுங்கள். பயம் தீரவில்லை என்றால் அதே ஒளியில் வேறு லத்தீன் பெயர்கள் உண்டு: கிளாரா (தெளிந்தவள், ஒளிர்பவள்), ஸ்டெல்லா (விண்மீன்), அரோரா (விடியல்). ‘லூமினா’ என்று வைக்க நினைப்பவர்கள் அது ‘விளக்குகள்’ என்ற பன்மை என்பதை அறிந்து வைக்கட்டும். லுக்ரேசியா கேட்க ஒத்திருந்தாலும் தனிக் குலப்பெயர். ஒளிக் கணக்கில் சேராது.

ஸ்வீடனில் டிசம்பர் 13 அன்று பெண்கள் தலையில் மெழுகுதிரி வைத்து நடக்கிறார்கள். சிசிலிப் புனிதருக்கு அங்கே என்ன வேலை? அன்று செய்யும் மஞ்சள் ரொட்டியின் செய்முறையும் வேண்டும்.
— வாசகி, கோயம்புத்தூர்

நாள்காட்டிதான் காரணம். பழைய ஜூலியன் நாள்காட்டி சூரியனோடு ஒத்துப்போகாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆண்டின் மிக நீண்ட இரவு டிசம்பர் 13ஐ ஒட்டி விழுந்தது. பகல் சில மணி நேரமே நீடிக்கும் வடநாட்டில், மிக இருண்ட இரவில் ‘ஒளி’ என்று பெயர் கொண்டவள் வந்து நின்றாள். நாள்காட்டி திருத்தப்பட்டபின் நீண்ட இரவு 21, 22ஆம் தேதிக்கு நகர்ந்துவிட்டது, அவள் நாள் நகரவில்லை. வெள்ளை உடுத்திய லூசியா பற்றிய முதல் குறிப்பு 1764இல், மேற்கு ஸ்வீடனின் ஒரு பண்ணை மாளிகையிலிருந்து கிடைக்கிறது. ஸ்டாக்ஹோமில் பெரிய ஊர்வலம் 1927இல் தொடங்கியது. இடுப்பில் கட்டும் சிவப்புப் பட்டை மறைசாட்சியின் இரத்தத்துக்கு அடையாளம்.

குங்குமப்பூ ரொட்டிக்கு ‘லுசெகட்’ என்று பெயர். பதினாறு ரொட்டிக்கு அளவு: மைதா 450 கிராம், பால் 250 மில்லி, வெண்ணெய் 80 கிராம், சர்க்கரை 85 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, குங்குமப்பூ அரை கிராம், மேலே பூச ஒரு முட்டை, 32 உலர்திராட்சை.

குங்குமப்பூவை ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு சிறு உரலில் நுணுக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் அரைமணி ஊறவிடுங்கள். இழையாகவே போட்டால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். வெண்ணெயை உருக்கி மீதிப் பாலில் ஊற்றுங்கள். விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறியபின் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு எழும்பாது. மாவு கையில் சற்று ஒட்டத்தான் செய்யும். ஒட்டுகிறதே என்று கைநிறைய மைதா தூவுவதுதான் பலரும் செய்யும் பிழை. மறுநாள் ரொட்டி வறண்டு உதிர்வதற்கு அதுவே காரணம்.

மூடி வைத்து இரு மடங்காகும் வரை விடுங்கள். நம் வெயிலில் 40 நிமிடம் போதும். 55 கிராம் உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளக் கயிறாக உருட்டுங்கள். ஒரு முனையை மேல்நோக்கியும் மறுமுனையை எதிர்த்திசையிலும் சுருட்டினால் இரட்டைச் சுருள் வடிவம் வரும். அரைமணி மீண்டும் எழும்பட்டும். அதன்பின் முட்டை பூசி, சுருளின் நடுவே ஒவ்வொரு திராட்சையாக அடிவரை அழுத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் வேகும்போது துள்ளி விழும். திராட்சையைப் பத்து நிமிடம் நீரில் ஊறவைத்தால் கருகாது. 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் 8 முதல் 10 நிமிடம். அடிப்பக்கம் பொன்னிறமானதும் எடுத்துத் துணியால் மூடி ஆறவிடுங்கள். குங்குமப்பூவைக் கூட்டினால் மணம் கூடாது, கசப்புத்தான் கூடும்.

ஓவன் இல்லாதவர்கள் சிசிலிக்காரர்களின் ‘குச்சீயா’வைச் செய்யலாம். 1646 பஞ்சத்தில் லூசியா திருநாளன்று கோதுமைக் கப்பல் வந்துசேர்ந்தது, பசியால் மக்கள் அரைக்கப் பொறுக்காமல் அப்படியே வேகவைத்து உண்டார்கள் என்பது அங்குள்ள மரபு. அதனால் அன்று பலர் ரொட்டியோ மாவுப் பண்டமோ தொடுவதில்லை. முழுக் கோதுமையை இரண்டு நாள், நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மணி பிளந்து குழையும் வரை வேகவையுங்கள். அங்கே ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் கலப்பார்கள். நம் வீட்டில் உதிர்த்து மசித்த பனீர் பொருந்தும்.

எத்தியோப்பியாவில் கிடைத்த ஆதிமனிதப் பெண் எலும்புக்கூட்டுக்கு ‘லூசி’ என்ற பெயர் புனிதரால் வந்ததா?
— பள்ளி மாணவன், சேலம்

இல்லை. 1974இல் ஹடாரில் கிடைத்த, ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டு பழமையான அந்த எலும்புக்கூட்டுக்கு, ஆய்வு முகாமில் அன்றிரவு ஒலித்த ஓர் ஆங்கிலப் பாட்டிலிருந்து பெயர் வந்தது. அம்ஹாரிக் மொழியில் அவளை ‘திங்கினேஷ்’ என்கிறார்கள். ‘நீ அற்புதமானவள்’ என்று பொருள்.

லூசியா பெயரில் ஒரு நாடே இருக்கிறதாமே?
— வாசகர், பாளையங்கோட்டை

கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா. 1979 பிப்ரவரி 22 அன்று விடுதலை பெற்றது. டிசம்பர் 13 அவர்களுடைய தேசிய நாள். அதையொட்டி விளக்குகள் செய்து போட்டி வைப்பார்கள்.